இடம் மாறிய டிஎன்ஏ: செல் மூப்பு, அழற்சி, புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப்புற்று என்று உறுதியான ஒருவரின் மகள் என்னிடம் கேட்டது இது: "அப்பா முப்பது வருஷமா பாக்கு போடறார். இத்தனை நாள் ஒண்ணும் ஆகல. அறுபது தாண்டின பிறகு இப்ப ஏன் வருது?" நான் அப்போது ஒரு நோயியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த ஆள். "பாக்கு டிஎன்ஏவைக் கெடுக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து இப்ப வெளியே தெரியுது" என்றேன். பொய்யில்லை, ஆனால் அரைப் பதில். கெட்ட டிஎன்ஏ செல்லுக்குள் எங்கே போய்க் கிடக்கிறது, அதைக் கண்டதும் செல் என்ன செய்கிறது, அக்கம்பக்கத்துச் செல்களுக்கு என்ன சொல்லி அனுப்புகிறது என்பதுதான் மீதிப் பாதி. அதில் பெரும்பகுதி கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் துலங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதையும், பின்னாளில் மாணவர்களும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

செல்லுக்கும் வயதாகுமா?

ஆகும். இதை உலகம் ஒப்புக்கொள்ளவே அரை நூற்றாண்டு பிடித்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் 1912இல் கோழிக் கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது 1946 வரை, 34 ஆண்டுகள், பெருகிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். கேரல் நோபல் பரிசு பெற்றவர் வேறு. ஆகவே உடலுக்குத்தான் மூப்பு, தனிச் செல்லுக்கு முடிவே கிடையாது என்பது பாடப்புத்தக உண்மையாகிவிட்டது.

1961இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அதைக் கவிழ்த்தார்கள். மனிதக் கருவின் நார்ச்செல்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று கண்டார்கள். வளர்ப்பு ஊடகத்தில் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சோதனை செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. பலமுறை பிரிந்து தளர்ந்த ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த இளம் பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வைத்தார்கள். ஒரே உணவு, ஒரே வெப்பம், ஒரே கண்ணாடி. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் குடுவையில் பெண் செல்கள் மட்டுமே பெருகியிருந்தன. எத்தனை முறை பிரிந்தோம் என்ற கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது அதோடு தெளிவானது.

பிரிவது நின்றதும் அவை செத்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடுவையின் அடியில் ஒட்டியபடி, பெருத்து, தட்டையாகி, மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன. செல் மூப்பு என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான்: சாவும் இல்லை, பிரிவும் இல்லை.

கணக்கு எங்கே எழுதியிருக்கிறது?

குரோமோசோம்களின் முனைகளில். டெலோமியர் எனப்படும் அந்த முனைகள் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கின்றன. இந்த முனைகள் குரோமோசோமை எப்படிக் காக்கின்றன என்பதையும், தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் என்ற நொதியையும் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் மருத்துவ நோபல் கிடைத்தது. முனை ஓரளவுக்கு மேல் குட்டையானால், அறுந்த டிஎன்ஏ என்று செல் அதை எடுத்துக்கொள்கிறது. உடனே பி53, பி16 என்ற காவல் புரதங்களின் வழியாகப் பிரிவு நிறுத்தப்படுகிறது.

தேய்மானம் ஒன்றுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். கதிர்வீச்சு, கீமோ மருந்து, புகை, வளர்ச்சி மரபணு ஒன்று திடீரென முறுக்கேறிவிடுவது ஆகியவையும் இளம் செல்லை ஒரே நாளில் இந்த நிலைக்குத் தள்ளிவிடலாம். உங்கள் கையில் ஒரு மச்சம் இருந்தால் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலான மச்சங்களில் உள்ள நிறமிச் செல்களில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும். தோலின் கொடிய புற்றான மெலனோமாவில் காணப்படும் அதே மாற்றம்தான். புற்றாகக் கிளம்பிய செல்கள் சில காலம் பெருகி, மூப்படைந்து, அங்கேயே நின்றுவிட்டன. இதை 2005இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் டேனியல் பீப்பர் குழுவினர் காட்டினார்கள்.

அப்படியானால் செல் மூப்பு நல்லதுதானே?

முதல் பாதி நல்லது. கெட்டுப்போன செல் பெருகாமல் தடுக்க உடலிடம் உள்ள வலுவான பூட்டு அது. காயம் ஆறுவதற்கும் அது வேண்டும். எலியின் தோலில் ஏற்பட்ட காயத்தில் சில நாட்கள் மட்டும் மூப்படைந்த செல்கள் தோன்றி மறைகின்றன. அவற்றை முன்கூட்டியே நீக்கினால் காயம் மூடத் தாமதமாகிறது என்று 2014இல் தெரிந்தது.

சிக்கல், அவை போகாமல் தங்கிவிடும்போது. மூப்படைந்த செல் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் பக் நிறுவனத்தில் பணியாற்றிய ஜூடித் காம்பிசியின் குழு 2008இல் ஒரு பட்டியல் போட்டது. அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களான இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, திசுவின் நார்களை அறுக்கும் நொதிகள், வளர்ச்சிக் காரணிகள் என்று பத்துக்கணக்கான பொருள்களை இந்தச் செல்கள் ஓயாமல் வெளியே விடுகின்றன. பிரிவை நிறுத்திக்கொண்ட செல்லே பக்கத்துச் செல்லைப் பிரியத் தூண்டுகிறது. தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு எதிர்வீட்டுக் கூரையில் நெருப்பு வைப்பது போன்ற காரியம்.

இது ஏன் நடக்கிறது, செல்லுக்குள் எது அந்தச் சுரப்பைத் தூண்டுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. விடையின் பெரும்பகுதி, இருக்கக் கூடாத இடத்தில் கிடந்த டிஎன்ஏவில் இருந்தது.

டிஎன்ஏவுக்கு எது சரியான இடம்?

உட்கரு. சின்னப் பங்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் உண்டு. ஒரு மனிதச் செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். அத்தனையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலமுள்ள உட்கருவுக்குள், புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உட்கருவைச் சூழ்ந்த செல்சாற்றில் ஆரோக்கியமான செல் டிஎன்ஏவை விட்டுவைப்பதில்லை. அங்கே டிஎன்ஏ கண்ணில் பட்டால், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செல்லுக்கு ஒரே பொருள்தான்: வைரஸ் அல்லது பாக்டீரியா உள்ளே வந்துவிட்டது.

பிறகு அது எப்படி வெளியே வருகிறது?

நான்கு வழிகள் இதுவரை நன்றாகத் தெரிந்தவை. முதல் வழியை நீங்களே பார்க்கலாம், ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பாக்கும் புகையிலையும் மெல்லுபவரின் கன்னத்தின் உட்புறத்தை ஐஸ்குச்சி போன்ற மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஃபியூல்ஜன் சாயம் ஏற்றுவோம். டிஎன்ஏ மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் சிவந்து தெரியும். மற்ற பகுதி வெளிர்பச்சை. ஒவ்வொரு செல்லும் அகன்ற தட்டு மாதிரி இருக்கும், நடுவில் ஓர் உட்கரு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும்போது ஒரு செல்லில் கண் நிற்கும். பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில், கேழ்வரகு போல, அதே நிறத்தில் தனியாக ஒரு சிறு உருண்டை. அதுதான் நுண்கரு. செல் பிரிந்தபோது ஒழுங்காக இழுக்கப்படாமல் பின்தங்கிய குரோமோசோமோ, அறுந்த துண்டோ, தனக்கென்று ஓர் உறை போர்த்திக்கொண்டு ஒதுங்கிவிட்டது. பாக்குப் பழக்கம் இல்லாதவரிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்றிரண்டு இருக்கும். மெல்லுபவர்களிடம் அதைவிடத் தெளிவாகக் கூடுதல். அந்த உறை பலவீனமானது, எளிதில் கிழியும். கிழிந்தால் டிஎன்ஏ செல்சாற்றில் கொட்டும். கிழிந்த நுண்கருவே அழற்சியைத் தூண்டுகிறது என்பதை 2017இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

இரண்டாவது, உட்கருவின் சுவரே தளர்வது. மூப்படைந்த செல்லில் லாமின் பி1 என்ற சுவர்ப்புரதம் குறைந்துவிடுகிறது. சுவர் புடைத்து, டிஎன்ஏ துணுக்குகள் மொட்டுவிட்டு வெளியேறுகின்றன.

மூன்றாவது, மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று 16,569 எழுத்துகள் கொண்ட வட்ட டிஎன்ஏ உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்பதால் அந்த டிஎன்ஏவுக்கும் பாக்டீரியாவின் சாயல் இருக்கிறது. மூப்படைந்த செல்லில் சில மைட்டோகாண்ட்ரியாக்கள் மட்டும் ஓட்டையாகி அது கசிகிறது. எல்லாமே ஓட்டையானால் செல் செத்துவிடும். சில மட்டும் ஓட்டையாவதால் சாகாமல் அழற்சியோடு கிடக்கிறது. 2023இல் மேயோ கிளினிக்கில் ஜோவாவ் பாசோஸ் குழு இதை வெளியிட்டது.

நான்காவது லைன்-1. நம் மரபணுத்தொகுதியில் சுமார் 17 சதவீதம், தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழைய வரிசைதான். இளம் செல் அதை அடக்கி வைத்திருக்கும். முதிர முதிர அடக்கம் தளர்ந்து, அதன் டிஎன்ஏ நகல்கள் செல்சாற்றில் சேர்கின்றன. எச்ஐவிக்குக் கொடுக்கும் லாமிவுடின் மருந்து முதிய எலிகளில் இந்த நகலெடுப்பைத் தடுத்து அழற்சியைக் குறைத்ததாக 2019இல் பிரவுன் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

வெளியே கிடக்கும் டிஎன்ஏவைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிகாஸ் என்ற புரதம் கண்டுபிடிக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் மருத்துவ மையத்தில் ஜிஜியன் சென் குழு 2012 கடைசியில் இதை அறிவித்தது. 2024இல் சென்னுக்கு லாஸ்கர் விருது கொடுத்தது இதற்காகத்தான்.

சிகாஸ் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டதும் சீகேம்ப் என்ற சிறு வளைய மூலக்கூறைச் செய்து விடுகிறது. அது மிதந்து போய் ஸ்டிங் என்ற மற்றொரு புரதத்தைத் தட்டுகிறது. ஸ்டிங், 2008இல் மயாமியில் கிளென் பார்பர் குழு அடையாளம் கண்டது. தட்டுப்பட்ட ஸ்டிங் இடம்பெயர்ந்து இரண்டு தொடர்களைக் கிளப்புகிறது. ஒன்று வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானை வரவழைக்கும். மற்றொன்று இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை. சீகேம்ப் அடுத்த செல்லுக்கும் கசிந்து போகக்கூடியது, ஆகவே எந்தக் கெடுதலும் நேராத செல்லிலும் இந்த எச்சரிக்கை மணி அடிக்கிறது.

சிகாஸ் எழுத்து படிக்காது. டிஎன்ஏவில் என்ன எழுதியிருக்கிறது, யாருடையது என்று அதற்குத் தெரியாது. இரட்டைச் சரமா, போதிய நீளம் உண்டா என்று மட்டும் பார்க்கிறது. புதிய டிஎன்ஏ வைரஸ் வந்தாலும் அதைக் கண்டுகொள்வதற்கு அதுவே காரணம், தன் வீட்டு டிஎன்ஏவைப் பார்த்தும் கூச்சல் போடுவதற்கும் அதுவே காரணம். 2017இல் பல குழுக்கள் ஒரே நேரத்தில் இந்த இழையை முடிச்சுப் போட்டன: மூப்படைந்த செல்லில் சிகாஸையோ ஸ்டிங்கையோ எடுத்துவிட்டால், காம்பிசி பட்டியலிட்ட சுரப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது.

உட்கருவுக்குள் மீட்டர் கணக்கில் டிஎன்ஏ இருக்கிறதே, அங்கே ஏன் மணி அடிப்பதில்லை?

சிகாஸ் உட்கருவுக்குள்ளும் இருக்கிறது என்பது தெரிந்தபோது ஆய்வாளர்களே திகைத்தார்கள். 2020இல் விடை வந்தது. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரத உருளையே சிகாஸைப் பிடித்து, அது வேலை செய்யாதபடி அழுத்தி வைத்திருக்கிறது. வெளியேயோ, தப்பி வந்த துணுக்குகளை ட்ரெக்ஸ்1 போன்ற நொதிகள் கூட்டிப் பெருக்கிவிடுகின்றன. வயதாக ஆக இந்தத் துப்புரவும் மந்தமாகிறது.

மணி பிறவியிலிருந்தே ஓயாமல் அடித்தால் என்ன ஆகும்?

குழந்தைகளில் அது நடக்கிறது. 1984இல் பிரான்சில் ஜான் எக்கார்டி, ஃபிரான்சுவாஸ் கூட்டியேர் இருவரும் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூளையில் சுண்ணாம்புப் படிவு, தண்டுவட நீரில் வெள்ளணுக்கள், வளர்ச்சி பின்னடைவு. பார்த்தால் தாயின் வயிற்றிலேயே வைரஸ் தொற்றியது போலிருக்கும். வைரஸ் எதுவும் கிடையாது. 2006இல் காரணம் தெரிந்தது: பலரிடம் ட்ரெக்ஸ்1 மரபணு பழுது. கூட்டிப் பெருக்க ஆளில்லாத வீட்டில் சொந்தக் குப்பையையே பகை என்று எண்ணி உடல் போரிட்டுக்கொண்டிருக்கிறது. இதுபோல ஸ்டிங் புரதமே எப்போதும் விழித்திருக்கும்படி மாறிய குழந்தைகளும் உண்டு. தோலும் நுரையீரலும் சிதைகின்றன. இன்டர்ஃபெரானின் செய்தியை இடையில் மறிக்கும் பாரிசிடினிப் போன்ற மருந்துகள் இவர்களில் சிலருக்கு ஓரளவு நிம்மதி தருகின்றன. இந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் "சும்மா லேசான அழற்சி" என்ற சொற்றொடரை நான் கைவிட்டேன்.

அழற்சி எப்படிப் புற்றுநோயாகிறது?

சந்தேகம் பழையது. பெர்லினின் ருடால்ஃப் விர்ஷோ 19ஆம் நூற்றாண்டிலேயே புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்களைக் கண்டு, நீண்டநாள் எரிச்சல் உள்ள இடத்தில் புற்று கிளம்புகிறது என்றார். இன்று வழிகள் தெரியும். வந்து குவியும் வெள்ளணுக்கள் விடும் வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் பக்கத்துச் செல்களின் டிஎன்ஏவைக் கீறுகின்றன. இன்டர்லூக்கின்-6, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிரியச் சொல்கிறது. நார் அறுக்கும் நொதிகள் திசுவின் தடுப்புகளைத் தளர்த்துகின்றன. புதிய இரத்தக்குழாய் முளைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் அழற்சி பல ஆண்டுகள் நீடித்தவருக்குக் கல்லீரல் புற்று, ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா தங்கிய இரைப்பையில் இரைப்பைப் புற்று, எல்லாம் இந்தப் பாதையில் வருபவைதாம்.

மனிதரில் கிடைத்த வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கான்டோஸ் என்ற ஆய்வு, மாரடைப்பு வந்து அழற்சி அளவும் கூடுதலாக இருந்த 10,061 பேருக்கு இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து இதயத்துக்கு உதவுமா என்று பார்ப்பதற்காக நடந்தது. 2017இல் முடிவைப் பார்த்தால், அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆனால் ஏற்கெனவே நுரையீரல் புற்று உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த பின்னாளைய ஆய்வுகள் தோற்றன. அழற்சி, கட்டி முளைக்கும் காலத்தில் உரம். முளைத்து வேர்விட்ட பிறகு உரத்தை நிறுத்தினால் செடி பட்டுவிடாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கட்டி வந்த பிறகும் இடம் மாறிய டிஎன்ஏ ஓயவில்லை. புற்றுச் செல்கள் குரோமோசோமை ஒழுங்காகப் பங்கிடத் தெரியாதவை, நுண்கரு நிறைந்தவை. 2018இல் சாமுவேல் பக்கூம், லூயிஸ் கான்ட்லி குழு காட்டியது: இத்தகைய செல்கள் ஸ்டிங்கின் இன்டர்ஃபெரான் தொடரை அடக்கிவிட்டு, மற்றத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளணுக்களைப் போல் நகர்ந்து வேறு உறுப்புக்குப் பரவக் கற்கின்றன.

ஆனால் இதே ஸ்டிங் புற்றை அழிக்கவும் உதவுகிறது என்கிறார்களே?

உதவுகிறது, இதில் முரண்பாடு இல்லை. எல்லாக் காவலையும் மீறிப் பிரியும் செல்லில் டெலோமியர் அடியோடு தேய்ந்து, குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி அறுபடும்போது, செல்சாற்றுக்கு வரும் டிஎன்ஏ சிகாஸ் வழியாக அந்தச் செல்லைத் தன்னைத்தானே தின்று சாகவைக்கிறது. 2019இல் சால்க் நிறுவனத்தில் யான் கார்ல்ஸெடர் குழு கண்டது இது. 2014இல் வேறு ஆய்வுகள், சாகும் புற்றுச் செல்லின் டிஎன்ஏவை நோய்த்தடுப்புச் செல் விழுங்கி, அதில் ஸ்டிங் விழித்து, டி செல்கள் என்ற வெள்ளணுக்களைக் கட்டியின் மேல் ஏவுகிறது என்று காட்டின. சில நாள் அடித்து ஓயும் மணி காப்பாற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் அடிக்கும் மணிதான் கெடுக்கிறது.

இதை மருந்தாக்குவது எளிதாக இல்லை. நியூசிலாந்தில் உருவான டிஎம்எக்ஸ்ஏஏ என்ற மருந்து எலியின் கட்டிகளைக் கரைத்துத் தள்ளியது. நுரையீரல் புற்று நோயாளிகளிடம் மூன்றாம் கட்ட ஆய்வில் ஒரு பலனும் இல்லை. ஏன் என்று பின்னர்தான் தெரிந்தது: அது எலியின் ஸ்டிங்கை மட்டுமே தட்டும், மனித ஸ்டிங்கில் ஒட்டாது. ஸ்டிங் என்ற பெயரே இல்லாத காலத்தில் செய்த மருந்து, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எலிச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஏன் அறுபதில்?

பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியான அறிக்கையில் வகைப்படுத்தியது. அது டிஎன்ஏவைக் கீறுகிறது, நுண்கரு உண்டாகிறது. முப்பது வயதில் கெட்ட செல்களைக் களையெடுக்கும் நோய்த்தடுப்புச் செல்கள் சுறுசுறுப்பானவை. கெட்டது நின்றது, நின்றது நீக்கப்பட்டது.

இருபது முப்பது ஆண்டுகளில் இரண்டும் மாறுகின்றன. பாக்கால் வாய் இறுகும் நார்த்திசு நோயில், கன்னத்துச் சவ்வின் அடியில் மூப்படைந்த நார்ச்செல்கள் குவிந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றை நீக்க வேண்டிய செல்களும் முதிர்ந்துவிட்டன. அதாவது மேல்தோலில் மரபுமாற்றத்தோடு அமைதியாக இருந்த ஒரு செல்லுக்குக் கீழே, அதை வளரச் சொல்லித் தூண்டும் நிலம் உருவாகிவிட்டது. விதை முப்பதிலேயே விழுந்திருக்கலாம். நிலம் அறுபதில்தான் பதமாகிறது. இந்தியாவில் ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்று வாய்ப்புற்று என்பதால், அந்தப் பெண்ணுக்கு இதை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

பாக்கு, புகையிலை எதுவும் இல்லாத முதியவர்களுக்கும் இது நடக்கிறதா?

மெதுவாக, உடல் முழுவதும். தொற்று எதுவும் இல்லாமலே வயதோடு ஏறும் மெல்லிய அழற்சியை இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000இல் தனியாகப் பெயரிட்டு விவரித்தார். 2023இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆண்ட்ரியா அப்லாசர் குழு முதிய எலிகளுக்கு ஸ்டிங் தடுப்பான் கொடுத்தபோது, அழற்சி குறைந்து நினைவாற்றலும் உடல்வலுவும் மேம்பட்டன. வௌவால்கள் இந்த விஷயத்தில் வியப்பானவை. அவற்றின் ஸ்டிங்கில் முக்கியமான ஓரிடம் மாறி, மணி மெதுவாகவே அடிக்கும்படி ஆகியிருக்கிறது. அந்தச் சிறிய உடலுக்கு அவை நெடுங்காலம் வாழ்கின்றன.

மூப்படைந்த செல்களை அகற்றிவிட முடியாதா?

எலியில் முடிந்திருக்கிறது. மேயோ கிளினிக்கில் 2016இல் வெளியான ஆய்வில், பி16 உள்ள செல்களை நடுவயதிலிருந்து நீக்கிவந்த எலிகளின் இடைநிலை ஆயுள் ஏறக்குறைய கால் பங்கு கூடியது, கட்டிகளும் தாமதமாக வந்தன. மனிதரில் நிலவரம் வேறு. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக இப்படி ஒரு மருந்தை மூட்டுக்குள் ஊசியாகப் போட்ட இரண்டாம் கட்ட ஆய்வு 2020இல் மருந்தில்லாத வெற்று ஊசியைவிட மேலாக எதையும் காட்டவில்லை. அதே ஆண்டு எலியில் இன்னொரு எச்சரிக்கை: கல்லீரலின் இரத்தக்குழாய்ச் சுவரில் மூப்படைந்த செல்களை நீக்கியபோது அந்த இடத்துக்குப் புதிய செல் வரவில்லை, தழும்புதான் விழுந்தது.

மூப்படைந்த செல்களை நீக்குவதற்காக, டசாடினிப் என்ற இரத்தப்புற்று மருந்தையும் குவெர்செட்டின் என்ற தாவரப் பொருளையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. டசாடினிப் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கக்கூடிய, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்க்கக்கூடிய மருந்து. தயவுசெய்து இணையத்தில் படித்துவிட்டு யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சத்து மாத்திரைகள்?

ஒரு பழைய கதை போதும். 1984இல் கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச் குழு, வெற்றிலை பாக்கு மெல்லுபவர்களுக்கு வைட்டமின் ஏயும் பீட்டா கரோட்டினும் கொடுத்து, கன்னச் செல்லில் நுண்கருக்கள் குறைவதைக் கண்டது. எண்ணிப் பார்த்த எண்ணிக்கை உண்மை, நம்பிக்கையும் நியாயமானது. பிறகு ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதல். நுண்ணோக்கியில் ஒரு புள்ளி குறைவது வேறு, நோய் குறைவது வேறு. கீரையும் பப்பாளியும் சாப்பிடுங்கள், அதில் ஆட்சேபணையே இல்லை.

எனக்கு இது நடக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் புரதம் சளிப்பிடித்தாலும் ஏறும். நுண்கரு எண்ணுவது ஆய்வுக்குப் பயன்படுகிறது, ஒருவருக்குப் புற்று வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. டெலோமியர் நீளம் அளந்து தரும் விலையுயர்ந்த பரிசோதனைகளும் அப்படித்தான்.

பாக்கு போடுபவர் வீட்டில் இருந்தால் பரிசோதனைக்கூடம் வேண்டாம், கண்ணாடியும் வெளிச்சமும் போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் பாக்கை ஒதுக்கும் இடம். வெள்ளைத் திட்டோ செந்நிறத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, காரம் பட்டால் தாங்காத எரிச்சலோ இருந்தால் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வாயை அகலத் திறக்கச் சொல்லி, அவருடைய கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறதென்றால் வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே போங்கள்.